மலைப்படியில் இயற்பியல்

கற்பதற்கு அரியது எனப் பலரும் எண்ணி அஞ்சும் கலைகளுள் இயற்பியல் ஒன்று. முன்னாளில் அதனைப் பௌதிகம் என்று வழங்கினர். பெயர் மாறிற்று, அச்சம் மட்டும் மாறவில்லை. 'அது கூர்த்த மதியுடையார்க்கே உரியது. நமக்கு எட்டாதது' என்று கூறி ஒதுங்குவோர் இன்றும் பலர். ஆயின், சற்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கிணற்றில் உருளையிட்டு நீர் இறைக்கும் பெண்ணும், வண்டியின் அச்சுக்கு மையிடும் வண்டிக்காரரும், அடுப்பில் காய்ந்த சட்டியைத் துணிகொண்டு பற்றும் சமையற்காரரும் இயற்பியலை நாள்தோறும் கையாளுகின்றனர். அவர்தம் கை அறிந்ததை நா சொல்லவில்லை, அவ்வளவே.

அறிவு முதலில் கைக்கு வருகிறது. பிறகு நாவிற்கு வருகிறது. அதன் பிறகே தாளுக்கு வருகிறது. நாமோ இம்முறையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதல் நாளே தாளில் எழுத்துகளையும் குறிகளையும் அடுக்கி, 'இதுதான் விசை, இதுதான் ஆற்றல்' என்கிறோம். கண்ணால் காணாத ஒன்றை எழுத்தால் மட்டும் அறிந்துகொள்ளும்படி இளைஞரை வற்புறுத்துகிறோம். அவர்கள் அஞ்சாமல் என் செய்வர்?

திருத்தணிக்கு அணித்தே உள்ள பொறியியற் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்க்கு இயற்பியல் கற்பிக்கும் பணி எனக்கு வாய்த்தது. பொறியியல் கற்க வருவோர் அனைவரும் பள்ளியில் அறிவியலை ஆழ்ந்து கற்றவர் என்று நீங்கள் நினைக்கலாம். உண்மை அவ்வாறு இல்லை. மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவில் பயின்றோரும் நம் மாநிலத்தில் பொறியியற் கல்லூரிகளில் சேர்கின்றனர். 2010-ஆம் ஆண்டு முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழ் வழியிலும் கற்பிக்கப்பட்டன. அதனால் சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழ் வழியே பயின்றவர் பலர்க்கு அக்கதவு திறந்தது. 2021-ஆம் ஆண்டில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஒரு புதிய நெறியை வெளியிட்டது. பதினான்கு பாடங்களைக் குறித்து, அவற்றுள் எவையேனும் மூன்றைப் பயின்றவரும் பொறியியலில் சேரலாம் என்றும், அவர்க்குக் குறையும் பாடங்களைப் பல்கலைக்கழகங்கள் இணைப்புப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்றும் அது கூறியது. இதனை வரவேற்றோரும் உண்டு. 'இயற்பியல் அறியாதவன் எங்ஙனம் பொறியாளன் ஆவான்?' என்று கடிந்தோரும் உண்டு. விதிகள் மாறும், மீண்டும் மாறும். ஆனால், வகுப்பறையின் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மாணவனுக்கு இன்று என்ன சொல்வது? இதுவே என்முன் நின்ற வினா.

அவ்வரிசையில் ஒரு மாணவன் இருந்தான். அவன் தந்தை கல்லுடைக்கும் தொழிலாளி. தொழிற்பிரிவில் படித்து வந்தவன் அவன். கல்லூரி தொடங்கி ஆறு கிழமைகள் கழிந்தபின் ஒரு மாலையில் என்னிடம் வந்து நின்றான்.

"ஐயா, நான் ஊருக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். வகுப்பில் சொல்வது எதுவும் எனக்கு விளங்கவில்லை. அம்மா தம் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். அடுத்த தவணையும் கட்டி அதையும் வீணாக்க வேண்டாம்," என்றான்.

அவன் குரலில் அழுகை இல்லை, முடிவு இருந்தது. 'முயற்சி செய், தம்பி' என்னும் வெற்றுரை அவனைத் தடுத்து நிறுத்தாது என்பதை உணர்ந்தேன். ஆகவே, வேறொன்று கேட்டேன்.

"தம்பி, விடுமுறையில் தந்தையாருக்கு உதவி செய்வாயா?"

"செய்வேன், ஐயா."

"பெரிய கல் ஒன்று கிடக்கிறது. இருவர் சேர்ந்து தூக்கினாலும் அசையாது. அதனை எப்படிப் புரட்டுவாய்?"

அவன் முகம் சிறிது மாறிற்று. "கடப்பாரையை அடியில் கொடுப்போம். கடப்பாரைக்குக் கீழே ஒரு சிறு கல்லை முட்டுக் கொடுப்போம். அந்த முட்டுக்கல் பெரிய கல்லுக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். பிறகு மறுமுனையை அழுத்தினால் கல் எழும்பும்."

"முட்டுக்கல்லைக் கையின் பக்கம் தள்ளி வைத்தால்?"

"அப்போது கல் அசையாது, ஐயா. நாம்தான் தொங்குவோம்."

யான் ஒரு தாளை எடுத்துக் கடப்பாரையை ஒரு கோடாக வரைந்தேன். முட்டிலிருந்து கல் வரை 20 சென்டிமீட்டர்; முட்டிலிருந்து கை வரை 100 சென்டிமீட்டர். கையின் தொலைவு ஐந்து மடங்கு. ஆகையால் கையின் விசையும் ஐந்து மடங்காகிக் கல்லின்மேல் செல்லும். 300 கிலோகிராம் பாரத்தை 60 கிலோகிராம் பாரத்திற்குரிய அழுத்தத்தால் எழுப்பலாம். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீசு என்னும் கிரேக்க அறிஞர் நிறுவிய நெம்புகோல் நெறி இதுவே. "இதை நீ அறியாதவன் என்று யார் சொன்னார்?" என்றேன். அவன் தாளையே நெடுநேரம் பார்த்திருந்தான்.

அவன் அறியாதது இயற்பியல் அன்று, இயற்பியலின் மொழி. அம்மொழியை மலையின்மீது கற்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் வகுப்பு மாணவர் முப்பதின்மரைத் திருத்தணி மலையடிவாரத்திற்கு அழைத்துச் சென்றேன்.

திருத்தணியை அறியாத தமிழர் இலர். முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஒன்று அது. ஆசிரியராய்த் தொடங்கி நாட்டின் குடியரசுத் தலைவராய் உயர்ந்த இராதாகிருட்டிணன் 1888-ஆம் ஆண்டில் பிறந்த ஊரும் அதுவே. ஆந்திரத்தின் பகுதியாய் இருந்த திருத்தணி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினும் மக்கள் நாவில் தமிழும் தெலுங்கும் இன்றும் கைகோத்து நடக்கின்றன. மலைக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாள்களைக் குறிப்பன அவை என்பர். திசம்பர் 31-ஆம் நாள் இரவில் அடியார்கள் படிதோறும் பாடி வழிபட்டு ஏறிப் புத்தாண்டை மலையுச்சியில் வரவேற்பர். இத்தகைய படிகள் எங்கட்குக் கரும்பலகை ஆயின.

முதற்பாடம் அளத்தல். ஒவ்வொரு மாணவர் கையிலும் ஓர் அளவுகோல் தந்து, ஒரே படியின் உயரத்தை அளக்கச் சொன்னேன். முப்பது பேர் முப்பது விடைகள் கூறவில்லை எனினும், எல்லோரும் ஒரே விடையும் கூறவில்லை. தேய்ந்த நடுப்பகுதியை அளந்தவர்க்கு ஒரு விடை. தேயாத ஓரத்தை அளந்தவர்க்கு மற்றொரு விடை. 'யார் கூறியது சரி?' என்று கேட்டனர். "எங்கே அளந்தோம், எதனால் அளந்தோம், எத்தனை முறை அளந்தோம் என்பவற்றைச் சேர்த்துச் சொல்பவர் கூறியதே சரி," என்றேன். அளவின்றி அறிவியல் இல்லை. அளவில் எவ்வளவு ஐயம் உண்டு என்பதைச் சொல்லாத அளவும் அளவு ஆகாது. படிக்குப் படி உயரம் மாறுவதால், கணக்கு எளிதாதற்பொருட்டு ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று கொண்டோம். 365 படிகட்கு 54.75 மீட்டர் உயரம் ஆயிற்று.

இரண்டாம் பாடம் வேலை. கடையில் வாங்கிய 100 கிராம் கற்கண்டுப் பொட்டலம் ஒன்றை ஒரு மாணவியின் உள்ளங்கையில் வைத்தேன். அதனைப் பூமி கீழ்நோக்கி இழுக்கிறது. கை மேல்நோக்கித் தாங்குகிறது. அத்தாங்கும் விசை ஏறத்தாழ ஒரு நியூட்டன். அப்பொட்டலத்தை ஒரு மீட்டர் உயர்த்தினால், செய்த வேலை ஏறத்தாழ ஒரு ஜூல். இவ்விரு சொற்களையும் மாணவர் பல முறை ஏட்டில் எழுதியிருந்தனர். கையில் உணர்ந்தது அன்றுதான்.

இனி, 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மலையேறுகிறார் என்று கொள்வோம். அவர் எடை 60-ஐ 9.8-ஆல் பெருக்கக் கிடைப்பது. அஃதாவது 588 நியூட்டன். அதனை உயரமாகிய 54.75 மீட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 32,200 ஜூல் வருகிறது. "அம்மாடி! முப்பத்தீராயிரமா?" என்று ஒருவன் வியந்தான். வியப்பிற்கு மறுபக்கமும் உண்டு. நம் வீட்டு மின்கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். அஃதாவது, 60 கிலோகிராம் எடையுடையவர் இம்மலையை ஏறத்தாழ 112 முறை ஏறினால்தான் ஒரு யூனிட்டுக்கு ஈடான வேலை நிறைவுறும். பொத்தானை அழுத்தி நாம் எண்ணாமல் செலவிடும் மின்சாரத்தின் மதிப்பு அப்போது எங்கள் கால்களுக்கு விளங்கிற்று. அன்று முதல் எங்கள் வகுப்பறையில் ஆளில்லாதபோது மின்விசிறி சுழன்றதில்லை.

நாங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது மூதாட்டி ஒருவர் ஒவ்வொரு படியிலும் மஞ்சளும் குங்குமமும் இட்டு மெல்ல ஏறி வந்தார். மாணவர் சிலர் அவரைக் கடந்து விரைந்தோடினர். "மெதுவாகப் போங்கள், கண்ணுகளா, மலை எங்கும் ஓடிவிடாது," என்றார் அவர். அவர் சொல் மூன்றாம் பாடத்திற்குத் தோற்றுவாய் ஆயிற்று. ஓடி ஏறினாலும் நடந்து ஏறினாலும் எடை ஒன்றாயின், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை ஒன்றே. வேறுபடுவது காலம். 60 கிலோகிராம் நிறையுள்ளவர் 15 நிமிடத்தில், அஃதாவது 900 விநாடியில் ஏறினால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 36 ஜூல். இதனையே 36 வாட் திறன் என்கிறோம். 9 வாட் மின்விளக்குகள் நான்கு எரிவதற்கு ஒப்பானது அது. 5 நிமிடத்தில் ஓடி ஏறினால் திறன் மும்மடங்காகி ஏறத்தாழ 107 வாட் ஆகும். வேலை என்பது எவ்வளவு. திறன் என்பது எவ்வளவு விரைவாக. இவ்வேறுபாட்டை அறியாமல் மோட்டார் வாங்குபவர் கிணற்றுக்கு ஒவ்வாததை வாங்கிப் பணத்தை இழப்பார்.

பாதி மலையில் இளைப்பாறியபோது, காவடி சுமந்த அடியார் ஒருவர் எங்கள் அருகே நின்றார். தோளிலிருந்து காவடியை இறக்காமல், வியர்வை வழிய நின்றுகொண்டே இளைப்பாறினார். அப்போது ஒரு மாணவி, "ஐயா, விசையைத் தொலைவால் பெருக்குவது வேலை என்றீர்கள். அவர் நிற்கிறார், காவடி நகரவில்லை. அவர் வேலை செய்யவில்லை என்றா பொருள்? அவர் களைத்துப் போயிருக்கிறாரே!" என்று வினவினாள்.

நூறு பக்கம் படித்தாலும் தோன்றாத வினா அது. இயற்பியலின் கணக்கில், நிற்பவர் காவடியின்மீது வேலை செய்யவில்லை. அக்காவடியை ஒரு கம்பத்தில் மாட்டினாலும் அது அங்ஙனமே நிற்கும். கம்பம் களைப்பதும் இல்லை. மனிதத் தசை கம்பம் அன்று. சுமையைத் தாங்கி நிற்கையில் அதன் நுண்ணிய இழைகள் இடையறாது சுருங்கியும் தளர்ந்தும் இயங்குகின்றன. அதற்கு உணவின் ஆற்றல் செலவாகிறது. அவ்வாற்றல் உடலில் வெப்பமாக மாறுகிறது. வியர்வை அவ்வெப்பத்தைப் போக்குகிறது. ஆகவே, அவர் களைப்பும் உண்மை. காவடி ஆற்றல் பெறவில்லை என்பதும் உண்மை. அவர் ஓரடி மேலே வைக்கும்போதே காவடியும் உயர்ந்து ஆற்றல் பெறுகிறது. 'வேலை' என்னும் சொல் உலக வழக்கில் ஒரு பொருளும் இயற்பியலில் மற்றொரு பொருளும் தருவதே குழப்பத்திற்குக் காரணம்.

இச்சொற்குழப்பம் எல்லையூர் மாணவர்க்கு இரட்டிப்பாகிறது. எம் வகுப்பில் தெலுங்கு வழியே பயின்றவர் சிலரும் இருந்தனர். தமிழ் நூலில் 'விசை' எனப்படுவது தெலுங்கு நூலில் 'பலம்' எனப்படும். தமிழரோ பலம் என்றால் உடல் வலிமையை எண்ணுகின்றனர். நாம் 'ஆற்றல்' என்பதை அவர்கள் 'சக்தி' என்பர். கல்லூரி நூலோ ஆங்கிலத்தில் இருந்தது. ஆகவே, படியிலேயே ஓர் அட்டவணை எழுதினோம்: தமிழ்ச் சொல் ஒருபுறம், தெலுங்குச் சொல் ஒருபுறம், ஆங்கிலச் சொல் ஒருபுறம். மூன்றும் சுட்டிய பொருள் ஒன்றே என்பதைக் கண்டபோது, மொழி தடை என்று எண்ணியிருந்தவர் அதனைப் படியாக்கிக்கொண்டனர். மூன்று சொல் அறிந்தவன் ஒரு சொல் மட்டும் அறிந்தவனினும் எளியவன் அல்லன்.

மலையுச்சிக்கு ஊர்திகள் செல்லும் பாதையும் உண்டு. அது நேராகச் செல்லாமல் வளைந்து வளைந்து ஏறுகிறது. "நேராகப் பாதை இட்டிருந்தால் தொலைவு குறையுமே?" என்றான் ஒருவன். தொலைவு குறையும், வேண்டிய விசையோ மிகும். 1,000 கிலோகிராம் நிறையுள்ள ஓர் ஊர்தியின் எடை 9,800 நியூட்டன். அதனைச் செங்குத்தாகத் தூக்குவதாயின் அவ்வளவு விசையும் வேண்டும். பத்து மீட்டர் நீளத்திற்கு ஒரு மீட்டர் உயரும் சாய்தளத்தில் ஏற்றுவதாயின், உராய்வை விடுத்துப் பார்க்கையில், 980 நியூட்டன் போதும். விசை பத்தில் ஒன்றாயிற்று. தொலைவு பத்து மடங்காயிற்று. பெருக்கி வரும் வேலை மாறவில்லை. நெம்புகோலாயினும், கப்பியாயினும், சாய்தளமாயினும் இயற்கை வேலையை இலவசமாகத் தருவதில்லை. ஒன்றைக் குறைத்து மற்றொன்றைப் பெறும் வணிகத்தையே அனுமதிக்கிறது. கல்லுடைப்பவர் மகன் அப்போதுதான் முதன்முறையாக வகுப்பினர் முன் வாய் திறந்தான். "கடப்பாரையிலும் அப்படித்தான், ஐயா. கை ஒரு முழம் இறங்கினால் கல் சிறிதே எழும்பும்," என்றான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தனர்.

ஏறுவது ஒரு பாடமாயின் இறங்குவதும் ஒரு பாடமே. உச்சியில் நிற்கும் ஊர்தி, ஏறும்போது பெற்ற ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. நாம் கொண்ட உயரத்திற்கு அவ்வூர்தியின் ஆற்றல் ஏறத்தாழ 5,36,500 ஜூல். ஊர்தி மெல்ல இறங்கி அடிவாரத்தில் நிற்கும்போது அவ்வாற்றல் எங்கே போயிற்று? பெரும்பகுதி தடைக்கட்டையின் உராய்வால் வெப்பமாயிற்று. அவ்வளவும் நீரைச் சூடாக்கப் பயன்பட்டால், ஏறத்தாழ 1.8 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலை வரை கொண்டு சென்றுவிடும். பயணியர் நிறைந்த பேருந்தாயின் எத்தனை மடங்கு என்று எண்ணுங்கள். தடைக்கட்டை அளவு கடந்து சூடேறினால் பற்றும் வலிமையை இழக்கும். அதனாலேயே தேர்ந்த ஓட்டுநர் மலைச்சரிவில் தாழ்ந்த கியரில் இறங்குகிறார். இயந்திரமே ஊர்தியைப் பிடித்து நிறுத்த, தடைக்கட்டையின் சுமை குறைகிறது. நாளை அப்பேருந்தின் தடையமைப்பை வடிக்கப் போகிறவர் இன்று வகுப்பில் அமர்ந்திருப்பவர். 'வெப்பம் எங்கே போகும்?' என்னும் வினாவை அவர் தேர்வுக்காக மட்டும் கற்றால், அதன் விலையைப் பயணியர் தருவர்.

நண்பகல் நெருங்கியது. படிகள் சுட்டன. வெறுங்காலோடு ஏறியவர் கயிற்றுப் பாய் விரித்த இடம் தேடி ஓடினர். ஒரே வெயிலில் கிடந்த கல்லும் பாயும் வேறுவேறாகச் சுடுவதேன்? கருங்கல் வெயிலைப் பெரிதும் உட்கொண்டு, தன் ஆழத்தில் தேக்கி, காலை வைத்ததும் வெப்பத்தை விரைந்து கடத்துகிறது. பாயின் இழைகளுக்கிடையே உள்ள காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. பல கோயில்களில் நடைபாதையில் வெண்மை பூசியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. வெப்பங்கொள்ளல், கடத்தல், எதிரொளித்தல் என்னும் மூன்று இயல்களையும் உள்ளங்கால் ஒரு நொடியில் கற்றது.

உச்சியிலிருந்து நோக்கினால் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதை கோடுபோல் தெரியும். இரும்பும் வெயிலில் நீளும் என்பதை விளக்க அஃது உதவியது. 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டர் நீளும். பழைய பாதைகளில் தண்டவாளங்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டதன் காரணம் இதுவே. இன்று தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து, நீளவொட்டாமல் கட்டைகளோடு இறுகப் பிணைக்கின்றனர். அப்போது அந்நீட்சி உள்ளழுத்தமாக நிற்கிறது. அதனையும் கணக்கிட்டே பாதை அமைக்கின்றனர்.

"இத்துணைச் சிறு நீட்சியால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டான் ஒரு மாணவன். நம் மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு செயலை அவனுக்குக் கூறினேன். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணிக்கு அதுவே கால்கோள். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதை அறிந்து, அதனைப் பெட்டிகளுக்குள் இட்டு, வெப்பமானிகளையும் உடன் வைத்து, அளவைத் திருத்திக் கொண்டார். சங்கிலி 10 பாகை மிகுந்து சூடேறியதைக் கவனியாது விட்டிருந்தால், அக்கோட்டில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பிழை நேர்ந்திருக்கும். அடிக்கோட்டின் பிழை அதன்மேல் எழும் ஒவ்வொரு முக்கோணத்திலும் பரவும். ஒரு சங்கிலியின் சூட்டை மதித்ததால் ஒரு நாட்டின் வரைபடம் பிழையிலிருந்து தப்பியது.

அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1794-இல், சென்னையில் எட்டு மாணவருடன் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து இன்று கிண்டிப் பொறியியற் கல்லூரியாக விளங்குகிறது. அந்த எண்மரும் அளக்கும் கருவியைக் கையிற்கொண்டு நிலத்தில் நடந்து கற்றனர். இந்நாட்டில் பொறியியற் கல்வி கரும்பலகையில் பிறக்கவில்லை, நிலத்தில் பிறந்தது. கடைசி வரிசை மாணவர் இதனை அறிந்துகொள்வது நன்று.

மலையிலிருந்து இறங்கியபின், மறுநாள் வகுப்பில் வாய்பாடுகளை எழுதினோம். முதல் நாள் கையாலும் காலாலும் அறிந்தவற்றிற்கே அவை சுருக்கெழுத்து என்பதை மாணவர் கண்டனர். வாய்பாடு என்பது பலர் பல்லாண்டு கண்ட உண்மையை ஒரு வரியில் அடக்கிய சிமிழ். சிமிழைத் திறக்க அறியாதவனுக்கு அது வெறும் எழுத்து. அறிந்தவனுக்கு அதனுள் மலையும் உண்டு, காவடியும் உண்டு, கடப்பாரையும் உண்டு.

கல்லுடைப்பவர் மகன் கல்லூரியை விட்டு நீங்கவில்லை. எனினும், ஒரு நாள் மலையேறியதால் எல்லாம் கைகூடிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய்யாகும். முதற்பருவத் தேர்வில் அவன் இயற்பியலில் தேறவில்லை. கணிதம் அவனுக்கு இன்னும் கடினமாகவே இருந்தது. நாள்தோறும் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் அமர்ந்து பின்னங்களையும் சமன்பாடுகளையும் பள்ளிச் சிறுவனைப்போல் மீண்டும் கற்றான். அதற்கு அவன் நாணவில்லை. அடுத்த பருவத்தில் தேறினான். இன்று அவன் பாலங்கள் கட்டும் பணியில் இருக்கிறான். சங்கிலியை மீட்டுத் தந்தபோது அவன் அன்னையார் அதனைக் கழுத்தில் இடாமல், மகனின் பட்டத்தோடு பெட்டியில் வைத்துக்கொண்டார் என்று கேள்வியுற்றேன்.

மாணவர்களே! அறிவியல் பயிலாது பொறியியலுக்கு வருவது குற்றம் அன்று. பயிலாமலே அதனை விட்டு வெளியேறுவதுதான் குற்றம். அடிப்படை குறைந்தவர்க்குக் கதவைத் திறந்துவிடுவது மட்டும் உதவி ஆகாது; உள்ளே வந்தவர்க்குப் படிகளையும் அமைத்துத் தருதல் வேண்டும். ஒரே தாவலில் மலையுச்சியை அடைந்தவர் எவரும் இலர். உயரம் முழுவதையும் 15 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பகுத்து வைத்ததால்தான் மூதாட்டியும் ஏறுகிறார், சிறுவனும் ஏறுகிறான். கல்வியையும் அங்ஙனம் பகுத்துத் தருவதே ஆசிரியர் கடன். ஒரு படியையும் தாண்டிக் குதிக்காமல் ஏறுவதே மாணவர் கடன்.

உங்கள் ஊரில் மலை இல்லாதிருக்கலாம். பள்ளியின் மாடிப்படி இருக்கும். கிணற்றுக் கப்பி இருக்கும். மிதிவண்டியின் பற்சக்கரம் இருக்கும். அவற்றின்முன் நின்று மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இங்கே நிகழ்வது என்ன? அஃது எவ்வளவு? அஃது எதனால்? முதல் வினாவிற்குக் கண் விடை சொல்லும். இரண்டாவதற்கு அளவுகோல் விடை சொல்லும். மூன்றாவதற்கு நூலும் ஆசிரியரும் துணை நிற்பர். இன்று மாலையே ஒரு மாடிப்படியின் உயரத்தை அளந்து, நீங்கள் அதில் ஏறச் செய்யும் வேலை எத்தனை ஜூல் என்று கணக்கிடுங்கள்.